ஒரு கிலோமீட்டருக்குள்

என் போனில் எனக்குப் பிடித்த ஆப்கள் நாலைந்து உண்டு. ஒன்று மழை ஆப். கேரள எல்லை மலையில் இருக்கிற எங்கள் சக்குபள்ளத்தில் ஜூன் மாதம் மழை வரும் என்று சொல்ல யாருக்கும் ஆப் தேவையில்லை. ஆனால் மழை எத்தனை மணிக்குக் கொஞ்சம் விடும் என்று அது சொல்லும். அந்த முக்கால் மணி நேரத்தில் துணியைக் காயப்போட்டு எடுத்துவிடலாம். இன்னொன்று பறவைச் சத்தத்தைக் கேட்டுப் பெயர் சொல்வது. காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது திறந்து வைத்துக்கொள்வேன். ஒருநாள் கண்டக்டரின் விசிலுக்கு ஏதோ ஒரு பறவையின் பெயரைச் சொன்னது. அப்புறம் நடக்கிற அடிகளை எண்ணுகிற ஆப். குமுளியிலிருந்து கம்பத்துக்கு மலையிறங்கும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கினாலே போதும், கீழே போய்ச் சேர்வதற்குள் மூவாயிரம் அடி நடந்துவிட்டதாகப் பாராட்டும்.

பிடிக்காத ஆப்களும் உண்டு. அதில் முதலாவது மேப். குமுளியில் ஒரு ஹோம்ஸ்டேயில் ரிசப்ஷனில் வேலை பார்க்கிறேன். பத்து அறை. மேப்பை நம்பி வருகிற விருந்தாளிகளில் பாதிப்பேர் எங்கள் வாசலுக்கு வருவதற்குப் பதிலாக, பின்பக்கம் ஏலத்தோட்டத்துக்குள் போகிற ஜீப் பாதையில் இறங்கி, சேற்றில் டயர் சுழல என்னைக் கூப்பிடுவார்கள். "மேடம், ரீச்சுடுன்னு காட்டுது, இங்க வெறும் செடியா இருக்கே?" நான் குடையை எடுத்துக்கொண்டு போய்க் கூட்டி வர வேண்டும். மூன்று வருடமாக இடத்தைத் திருத்தச் சொல்லி எழுதிக்கொண்டிருக்கிறேன். நன்றி, பரிசீலிக்கிறோம் என்று பதில் வரும்.

எனக்கு முப்பத்தேழு வயது. கல்யாணமாகி மூன்றாவது வருடம் பிரிந்து வந்துவிட்டேன். அதுவாகி ஏழு வருடம். அம்மாவும் நானும்தான் வீட்டில். அம்மா ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவள். அப்பா இல்லை.

டேட்டிங் ஆப்பை நான் தேடிப் போகவில்லை. எங்கள் ஹோம்ஸ்டேக்கு அடுத்த கடை ஒரு ட்ராவல்ஸ் ஆபீஸ். ஜீப் சவாரிக்கு அங்கே டிக்கெட் போடுகிறவள் என் சிநேகிதி. கம்பத்துக்காரி, என்னைவிட ஐந்து வயது சின்னவள், வாய் மட்டும் என்னைவிடப் பத்து வயது மூத்தது. விடாமல் மழை கொட்டிய ஒரு மத்தியானம், ஒரு விருந்தாளியும் இல்லை, ஒரு ஜீப்பும் ஓடவில்லை. என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தவள், "போனைக் குடுக்கா" என்று வாங்கி, பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டாள்.

"எதுக்குடி இதெல்லாம்?"

"எதுக்கா? நீ இந்த மேஜையில உக்காந்தே கிழவியாகிறதுக்குள்ள யாரையாச்சும் ஒரு காப்பி குடிக்கக் கூப்பிடட்டும்னுதான்."

படத்துக்கு மூன்று போட்டோ கேட்டது. ஒன்று ஆபீஸில் எடுத்தது. ஒன்று சிநேகிதியின் தம்பி கல்யாணத்தில் எடுத்தது. மூன்றாவது, வீட்டு முற்றத்தில் செம்பருத்திச் செடி பக்கத்தில் நான் நிற்க அம்மா எடுத்தது. அம்மா எடுக்கிற போட்டோவில் ஒன்று என் தலை இருக்காது, இல்லையென்றால் கால் இருக்காது. அதில் இரண்டும் இருந்தது. அதனால் எனக்கு அந்தப் படத்தின் மேல் ஒரு பிரியம். என் தோளுக்குப் பின்னால் எங்கள் வீட்டு நீலத் தண்ணீர்த் தொட்டியும் இருந்தது. அதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். உண்மையில் நினைக்கவே இல்லை.

முதல் இரண்டு வாரம் வெறும் எரிச்சல். அந்த ஆப் ஒவ்வொரு ஆளின் படத்துக்கும் கீழே அவர் எத்தனை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறார் என்று காட்டும். மலைக்காட்டில் அதற்கு என்ன அர்த்தம்? நாலு கிலோமீட்டர் என்று காட்டுகிறவர் எதிர் மலையில் இருப்பார், போய்ச் சேர இரண்டு பஸ் மாற வேண்டும். சுற்றுலா வந்த கூட்டம் வேறு. "இரண்டு நாள் மட்டும் இங்கே. ஊர் சுற்றிக் காட்ட ஆள் தேவை" என்று ஒருவன். ஊர் சுற்றிக் காட்டுவது என் வேலை, அதற்கு ரிசப்ஷனில் கேட்டால் போதும். முகத்தைக் காட்டாமல் பைக்கை மட்டும் காட்டியவர்கள் ஏழெட்டுப் பேர். குமுளி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பேக்கரி வைத்திருக்கிறவர் பதினைந்து வருடத்துக்கு முந்தைய படத்தோடு வந்தார். மறுநாள் அவரிடம் பன் வாங்கும்போது நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் அவன் வந்தான். ஏலக்காய் காயவைக்கிற டிரையர் மெஷின்களைப் பழுது பார்க்கிறவன். கம்பம் பக்கம் வீடு, வேலையெல்லாம் மேலே எங்கள் தோட்டங்களில். என் வயதுக்கு ஒன்றிரண்டு குறைவு. எழுத்தில் பிழை கிடையாது. "சாப்டியா, தூங்கிட்டியா" வகை கிடையாது. ஒரு டிரையருக்குள் பாம்பு சுருண்டு கிடந்ததை எழுதினான். முதலாளி பயந்து மேஜைமேல் ஏறி நின்றுகொண்டு, அங்கிருந்தே இவனுக்கு எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாராம். நான் ரிசப்ஷனில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பத்துப் பதினைந்து நாள் பேசினோம். வீடு எங்கே என்று அவன் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சிநேகிதியிடம்கூடச் சொன்னேன், "பாரு, மரியாதை தெரிஞ்ச ஆளு. இன்னைவரைக்கும் ஊரு பேரு கேக்கல."

ஒரு திங்கட்கிழமை மத்தியானம், வங்காளத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு அறைச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தேன். போன் சிணுங்கியது. அவன் ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். எங்கள் வீட்டுக் கேட். தகரமும் மூங்கிலும் வைத்துக் கட்டின அதே கேட். கொடியில் அம்மாவின் மெரூன் ஸ்வெட்டர். பின்னால் நீலத் தொட்டி. கீழே ஒரே வார்த்தை: "சரியா?" அதற்குப் பக்கத்தில் கண்ணடிக்கிற பொம்மை.

சாவியை அந்த அம்மாள் கையில் கொடுத்தேனா, மேஜையில் வைத்தேனா என்று நினைவில்லை. காதெல்லாம் சூடாகிவிட்டது. "எப்படி?" என்று மட்டும் எழுதினேன். கோபமாக எழுதியிருக்க வேண்டும். அப்போது கோபம்கூட வரவில்லை.

அவன் சந்தோஷமாக விளக்கினான். முதல்நாள் ஞாயிற்றுக்கிழமை, நான் வீட்டில் இருப்பேன் என்று அவனுக்குத் தெரியும், நான்தான் சொல்லியிருந்தேன். பைக்கை எடுத்துக்கொண்டு, தூரம் குறைகிற பக்கமாகவே வந்து, எங்கள் ரோட்டில் மேலும் கீழும் போயிருக்கிறான். சர்ச் வளைவுக்கு வரும்போது ஆப்பில் என் தூரம் மூன்றிலிருந்து இரண்டாக மாறியது. ரேஷன் கடை தாண்டும்போது இரண்டு ஒன்றானது. பிறகு எதிர்ப்பக்கமாக வந்து அந்தப் பக்கம் எங்கே மாறுகிறது என்று பார்த்தான். மாறின இடத்தையெல்லாம் ஒரு தாளில் குறித்து, ஒவ்வொன்றையும் சுற்றி வட்டம் போட்டிருக்கிறான். வட்டங்கள் வெட்டிக்கொள்கிற இடத்தில் பன்னிரண்டு வீடு. அந்தப் பன்னிரண்டில் நீலத் தொட்டி ஒன்றுதான்.

அந்தத் தாளையும் போட்டோ எடுத்து அனுப்பினான். ஏதோ டிரையர் கம்பெனி பில்லின் பின்பக்கம். ரோடு, ஓடை, சர்ச், எல்லாம் அழகாக வரைந்திருந்தான். வரைந்த கை நிதானமான கை.

பணம் கொடுத்து வருகிற விருந்தாளிகளை மூன்று வருடமாக எங்கள் வாசலுக்குக் கொண்டுவராத மேப் எங்கே, யாரென்று தெரியாத ஒருத்தனை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் என் வாசலில் கொண்டுபோய் நிறுத்தின இது எங்கே!

அந்தத் தாளின் போட்டோவைச் சிநேகிதிக்கு அனுப்பி, எழுதக்கூடாத ஒரு வார்த்தையும் எழுதினேன். அவள் ஜீப் டிக்கெட் கேட்டு நின்றவர்களை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"அக்கா, பிளாக் பண்ணு. இப்பவே பண்ணு."

பண்ணினேன். பண்ணின நொடியில் அவனுடைய படம், பதினைந்து நாள் பேச்சு, கேட் போட்டோ எல்லாம் துடைத்தாற்போல் போய்விட்டது. ஒரு எழுத்து மிச்சமில்லை. ஆப்புக்குள் புகார் கொடுக்கிற இடத்தைத் தேடி, தட்டுத் தடுமாறி, நடந்ததை எழுதினேன். ஆதாரம் இணைக்கச் சொன்னது. அதைத்தான் நீயே அழித்துவிட்டாயே என்று போனைப் பார்த்துக் கத்தினேன். உங்கள் பாதுகாப்புதான் எங்களுக்கு முக்கியம் என்று பதில் வந்தது. பார்த்தால், சிநேகிதிக்கு அனுப்பின அந்த வட்டம் போட்ட தாள் ஒன்றுதான் மிச்சம்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அம்மா வாசலில் உட்கார்ந்து பயற்றங்காய் ஒடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு யாராச்சும் வந்தாகளாம்மா?"

"ஆமாத்தா, மிஷின் ரிப்பேர் பண்ற தம்பி ஒருத்தரு. பக்கத்துல எங்கிட்டாச்சும் டிரையரு இருக்கான்னு கேட்டுச்சு. நல்ல பிள்ளை. நனைஞ்சுபோயி நின்னுச்சு, காப்பி போட்டுக் குடுத்தேன்."

"காப்பி குடுத்தியா?"

"மழையில நிக்கிறவனுக்குப் பச்சைத் தண்ணியவா குடுப்பாக? பேசிக்கிட்டிருந்தோம். எத்தன பிள்ளைகன்னு கேட்டுச்சு. ஒரே பொண்ணு, குமுளியில வேலன்னு சொன்னேன். எத்தன மணி பஸ்ஸுல வரும்னு கேட்டுச்சு..."

"சொன்னியா?"

"அஞ்சரை பஸ்ஸுன்னேன். ஏன்டி, அதென்ன ரகசியமா? ஊருக்கே தெரியும்."

நான் தலையில் அடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தேன். அம்மா பயற்றங்காயை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். சொல்லித்தான் ஆக வேண்டும். டேட்டிங் ஆப் என்றால் என்ன என்று அம்மாவுக்கு விளக்கினேன். வாழ்க்கையில் நான் செய்த வேலைகளில் கடினமானது அதுதான். தரகர் இல்லாமல் மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி என்றேன். அப்படியானால் அந்தப் பையன் முறைப்படிதானே வீட்டுக்கு வந்திருக்கிறான் என்றாள். இல்லைம்மா, நான் வரச் சொல்லவில்லை என்றேன். நீ சொல்லாமல் அவனுக்கு எப்படித் தெரிந்தது என்றாள். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். சர்ச் வளைவு, ரேஷன் கடை, வட்டம். தாளைக் காட்டினேன்.

அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் குரல் மாறிவிட்டது.

"நீ வீட்டுல இல்லாத நேரமாப் பாத்துல்ல வந்திருக்கான்."

அது எனக்கே அப்போதுதான் உறைத்தது. நான் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளிக் குமுளியில் இருப்பதையும் அந்த ஆப்தான் அவனுக்குக் காட்டியிருக்கும்.

அடுத்த இரண்டு நாள் நான் அஞ்சரை பஸ்ஸை விட்டுவிட்டு வேறு பஸ்ஸில் வந்தேன். ஒன்று கூட்டம் பிதுங்கும், இன்னொன்று நேரத்துக்கு வராது. ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் திரும்பிப் பார்த்தேன். எங்கள் ரோட்டில் பைக்குக்குக் குறைச்சலா? கழுத்து வலியே வந்துவிட்டது. யாரோ ஒருத்தன் கணக்குப் போட்டதற்கு என் கழுத்து ஏன் வலிக்க வேண்டும் என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு அவன் ஹோம்ஸ்டேக்கே வந்துவிட்டான். படத்தில் இருந்ததைவிட ஒல்லி. சட்டைப்பையில் டெஸ்டர். கையில் ஒரு பாக்கெட் நேந்திரங்காய் சிப்ஸ். விருந்தாளி போலக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, மேஜைக்கு முன்னால் நின்று சிரித்தான்.

"போன்ல கிடைக்கல. அதான் நேர்ல வந்தேன்."

"கிடைக்கக்கூடாதுன்னுதான் பிளாக் பண்ணேன்."

"கோவமா?"

"நான் வேலை பாக்குற இடம் எப்படித் தெரியும்?"

"அம்மா குமுளின்னு சொன்னாங்க. உங்க ஆபீஸ் போட்டோவுல பின்னாடி சாவி மாட்டுற பலகை இருந்துச்சு. நாலு ஹோம்ஸ்டே ஏறி இறங்குனேன். இது அஞ்சாவது." அதையும் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னான்.

கையை மேஜைக்குக் கீழே மறைத்துக்கொண்டேன். குரல் நடுங்கவில்லை, அதற்கு இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன்.

"இதெல்லாம் எதுக்காகச் செஞ்சீங்க?"

அவன் முகத்தில் சிரிப்பு கலையத் தொடங்கியது. "நீங்க சந்தோஷப்படுவீங்கன்னு நினைச்சேங்க. ஒருத்தருக்காக இம்புட்டு மெனக்கெட்டுக் கண்டுபிடிச்சா... யாரும் எனக்காக இப்படிச் செஞ்சதில்ல. செஞ்சா எனக்குப் பிடிக்கும்."

"என்கிட்ட கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே, இல்ல சொல்லமாட்டேன்னாவது சொல்லியிருப்பேன்."

"கேட்டா அதுல என்ன இருக்கு?"

இந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. பத்துப் பதினைந்து நாள் மரியாதை என்று நான் கொண்டாடினது இதைத்தான். கேட்டால் சுவாரசியம் போய்விடும் என்றுதான் அவன் கேட்காமலே இருந்திருக்கிறான்.

"நான் உங்களை ஒண்ணுமே பண்ணலையே" என்றான்.

"நீங்க எங்கம்மாகிட்டப் பொய் சொல்லிட்டு வீட்டு வாசலுக்கு வந்தீங்க. நான் வர்ற பஸ்ஸைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டீங்க. மூணு நாளா நான் ரோட்டுல திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டுப் போறேன். இதுக்கு மேல என்ன பண்ணணும்?"

அதற்குள் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுச் சிநேகிதி வந்துவிட்டாள். நேராக அவன் முகத்துக்கு முன்னால் போனை நீட்டி ஒரு படம் எடுத்தாள். வெளியே போய் அவன் பைக் நம்பரை ஒரு படம் எடுத்தாள். அவன் பாக்கெட்டை மேஜையில் வைத்துவிட்டு, "இது நல்ல கடை சிப்ஸ்" என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனான்.

சத்தம் கேட்டு முதலாளி உள்ளேயிருந்து வந்தார். மலையாளி, நல்ல மனிதர், எனக்குச் சம்பளம் ஒருநாள் தள்ளிக் கொடுத்ததில்லை. நடந்ததைக் கேட்டுவிட்டு, "எந்தினா மோளே ஈ ஆப்பொக்கே?" என்றார். அந்த வாரம் முழுக்க எனக்குக் கிடைத்ததெல்லாம் இதே கேள்விதான். சமையல்காரர் தமிழில் கேட்டார், எதிர்க்கடைக்காரர் இரண்டும் கலந்து கேட்டார். அவன் ஏன் வந்தான் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எதற்கு அந்த ஆப் என்றுதான் எல்லோருக்கும் தெரிய வேண்டியிருந்தது. முதலாளியிடம் சொன்னேன், "சார், நம்ம ஹோம்ஸ்டேயும் ஆப்புலதான் இருக்கு. யாராச்சும் உங்க வீட்டுச் சமையலறைக்குள்ள வந்து நின்னா, எதுக்கு ஹோம்ஸ்டேயை ஆப்புல போட்டீங்கன்னு கேப்பாங்களா?" அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு ஜீப் சாவியை எடுத்தார். "வா, ஸ்டேஷனில் விடாம்" என்று போலீஸ் ஸ்டேஷனுக்கு அவரே கூட்டிப்போனார்.

ஸ்டேஷனில் இருந்த பெண் அதிகாரிக்கு என் வயதுதான் இருக்கும். மலையாளி, தமிழும் நன்றாகப் பேசினார். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. அதற்காகவே அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. பராதி, அதாவது புகார், எழுதித் தரச் சொன்னார். தமிழில் எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க, ஞான் வாசிச்சோளாம்" என்றார். வட்டம் போட்ட தாளையும், சிநேகிதி எடுத்த படங்களையும் பார்த்தார்.

"பேடிக்கண்டா, பயப்படாதீங்க. ஆளைக் கூப்பிடுறேன். அதுக்கு முன்னாடி உங்க போனைக் காட்டுங்க."

இருவருமாக என் போனைத் தோண்டினோம். டேட்டிங் ஆப்பில் தூரத்தை மறைக்கிற பொத்தான் இருந்தது. நாலு பக்கம் தாண்டி, யாரும் போகாத ஒரு மூலையில். நான் ஆப்பைத் திறக்காதபோதுகூட இருக்கும் இடத்தைப் பார்க்க அதற்கு நானே அனுமதி கொடுத்திருந்தேன். எப்போது கொடுத்தேன்? அந்த மழை மத்தியானம் சிநேகிதி "சரி, சரி, சரி" என்று தட்டிக்கொண்டே போனாளே, அப்போதுதான். அதோடு விட்டதா? மழை ஆப் பார்க்கிறது, அது நியாயம். கீபோர்டு பார்க்கிறது. போட்டோவுக்கு வெளிச்சம் கூட்டுகிற ஆப் பார்க்கிறது. டார்ச் பார்க்கிறது.

"டார்ச்சுக்கு எதுக்கு மேடம் நான் எங்க இருக்கேன்னு தெரியணும்? இருட்டு எங்க இருக்குன்னு பாக்கவா?"

அவர் சிரித்துவிட்டார். ஒவ்வொன்றாக அணைத்தோம். அந்த அறையிலேயே இன்னொரு போலீஸ்காரர், ஆண், மெதுவாகத் தன் போனை எடுத்து, அவரும் ஒவ்வொன்றாக அணைக்கத் தொடங்கியதைப் பார்த்தேன். "முற்றத்தில எடுத்த போட்டோ வேணாம்" என்றார் அதிகாரி. "வேலை பாக்குற எடத்துலயும் வேணாம். பின்னால என்ன தெரியுதுன்னு பாத்துட்டுப் போடுங்க. பழகுறது உங்க இஷ்டம். ஆப்ப வச்சிருக்கிறதும் உங்க இஷ்டம்." அந்தக் கடைசி இரண்டு வாக்கியத்தை அதுவரை ஒருவரும் சொல்லவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. போனைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

மறுநாள் அவன் வந்தான். கூட அவனுடைய அண்ணன். அண்ணன்தான் அதிகமாகத் தலைகுனிந்து நின்றார். அதிகாரி அந்தத் தாளை மேஜையில் வைத்து, "இதை உன் தங்கச்சி வீட்டைச் சுத்தி எவனாவது வரைஞ்சா நீ என்ன செய்வே?" என்று கேட்டார். அவன் போனில் இருந்த எங்கள் கேட் படம், தாளின் படம், என் படங்கள் எல்லாவற்றையும் அங்கேயே அழிக்க வைத்தார். இனி என் வீட்டுக்கோ வேலை செய்கிற இடத்துக்கோ வரமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். மறுபடியும் வந்தால் வழக்கு என்றார்.

போகும்போது அவன் என்னைப் பார்த்து ஒன்று சொல்லட்டுமா என்று கேட்டான். அதிகாரி என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

"தினம் பத்து வீட்டுக்குப் போறேன். எல்லாரும் காப்பி குடுக்குறாங்க. என்னைப் பாத்து இதுவரைக்கும் யாரும் பயந்ததில்ல. நீங்க பயந்தீங்கன்னு இவங்க சொல்லித்தான் எனக்குப் புரிஞ்சது. மன்னிச்சுக்கங்க."

நான் சொன்னேனே அதற்கு முந்தின நாள், மேஜைக்கு இந்தப் பக்கம் நின்று! நான் சொன்னபோது புரியாதது, சீருடை போட்டவர் சொன்னபோது புரிகிறது. ஆனால் அவன் முகம் உண்மையிலேயே வாடியிருந்தது. எனக்கு ஒரு நிமிடம் பாவமாகக்கூட இருந்தது. இத்தனையும் செய்துவிட்டு, பாவப்படுகிற வேலையையும் என் தலையிலேயே கட்டிவிட்டுப் போகிறானே என்று அதற்கும் சேர்த்து எரிச்சல்பட்டேன். "சரி" என்று மட்டும் சொன்னேன். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அதற்குப்பின் அவன் வரவில்லை. ஒருமுறை ரோட்டில் எதிரே பைக்கில் வந்தவன், என்னைக் கண்டதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

வீட்டில் அம்மா வேறொரு தொல்லையைத் தொடங்கினாள். கேட்டுக்கு உள்பக்கம் சங்கிலி போட்டுவிட்டாள். கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவரை மழையில் நிறுத்திவைத்து, எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, அவர் போனில் எங்கள் வீடு தெரிகிறதா என்று விசாரித்திருக்கிறாள். ஓட்டர் பட்டியல் சரிபார்க்க வந்த டீச்சரம்மாவுக்கும் அதே மரியாதை. அவர் என்னிடம் பஸ்ஸில் வருத்தப்பட்டார். "எல்லாரையும் சந்தேகப்படச் சொல்லலம்மா" என்றால், "அன்னைக்குக் காப்பி குடுத்ததுக்கு ஏசுன. இன்னைக்குக் குடுக்கலன்னு ஏசுற. என்னதான்டி பண்ணச் சொல்ற?" என்கிறாள். அவள் கேட்பதும் நியாயம்தான்.

ஆனால் அதே அம்மா ஒருநாள் சோறு பரிமாறிக்கொண்டே கேட்டாள், "ஏத்தா, அந்த ஆப்புல வேற நல்லவக யாரும் இல்லையா?"

நான் ஆப்பை அழித்துவிட்டேன் என்று நினைத்துத்தான் கேட்டாள். அழிக்கவில்லை. அவனால் நான் ஏன் அழிக்க வேண்டும் என்ற வீம்புதான். தூரத்தை மறைத்து, முற்றத்துப் படத்தை எடுத்துவிட்டு, வெற்றுச் சுவருக்கு முன்னால் எடுத்த படம் போட்டேன். பாஸ்போர்ட் ஆபீஸில் நிற்கிற மாதிரி இருக்கிறேன். அப்படியும் ஒருவர் எழுதினார். கம்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை. மனைவி இறந்து நாலு வருடம். இரண்டு மாதம் எழுத்திலேயே பேசினோம். நேரில் பார்க்கலாமா என்று அவர் கேட்டபோது, நான் என் நிபந்தனைகளைப் பட்டியல் போட்டேன். கம்பம் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துப் பேக்கரி. பகல் பதினொரு மணி. வந்துபோவது நானே. எல்லாவற்றுக்கும் சரி என்றார்.

சிநேகிதி அன்றைக்கு லீவு போட்டு என்கூட வந்தாள். எங்களுக்கு இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்து, செய்தித்தாளைத் தலைக்கு நேரே பிடித்துக்கொண்டாள். அந்த மாதிரி யாராவது பேப்பர் படிப்பார்களா? அவர் வந்தார். முடி கொஞ்சம் கொட்டியிருந்தது, படத்திலும் அப்படித்தான் இருந்தது. டீ சொன்னோம். அவர் அடிக்கடி என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

"அங்க யாரைப் பாக்குறீங்க?" என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

அவர் காது சிவந்தது. "எங்க அக்கா" என்றார். "அந்த ஓரத்துல பப்ஸ் சாப்புட்டுக்கிட்டிருக்காக. ஆப்புல வர்ற பொம்பளைங்க வீடியோ எடுத்து மிரட்டுவாகன்னு யாரோ சொல்லியிருக்காங்க. தனியா விடமாட்டேன்னுட்டாங்க. தப்பா நினைச்சுக்காதீங்க."

திரும்பிப் பார்த்தேன். மூக்குத்தி போட்ட ஒரு அம்மாள், கையில் பாதி பப்ஸோடு, என்னையே முறைத்துக்கொண்டிருந்தார். இங்கே சிநேகிதியின் செய்தித்தாள் குலுங்கிக்கொண்டிருந்தது, சிரிப்பை அடக்குகிறாள். நான் அவளைக் கைகாட்டினேன். "அது என் ஆளு" என்றேன். அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வாய்விட்டுச் சிரித்தார். நல்ல சிரிப்பு.

நாலு பேரும் ஒரே மேஜைக்கு வந்தோம். அரைமணி நேரம் அந்த அக்காவும் என் சிநேகிதியும்தான் பேசினார்கள். எங்களுக்கு இடமே கிடைக்கவில்லை. அடுத்த தடவை இவர்கள் வேண்டாம் என்று அவர் மெதுவாகச் சொன்னார். அடுத்த தடவையும் அவர்கள் வந்தார்கள்.

இப்போது ஏழு மாதமாகிறது. மாதம் இரண்டு முறை பார்க்கிறோம், சில நாள் நாங்கள் இருவர் மட்டும். கல்யாணம், காட்சி என்றெல்லாம் இன்னும் பேசவில்லை. என் வீடு எங்கே என்று அவருக்குத் தெரியாது. முதல் மாதமே கேட்டார். இப்போது வேண்டாம் என்றேன். சரி என்றவர், பிறகு கேட்கவில்லை. இந்தக் கேட்காமலிருப்பது வேறு வகை என்று எனக்குத் தெரிகிறது. தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் யோசிக்கிறேன், அதுதான் மிச்சம்.

அம்மாவுக்கு என்மேல்தான் இப்போது கோபம். "ஒரு வாய் காப்பிக்குக் கூட்டிக்கிட்டு வரமாட்டேங்குற. சங்கிலிய நான் வேணா அவுத்துவிடுறேன்" என்கிறாள். தீபாவளிக்குப் பார்க்கலாம் என்றேன். எந்த வருடத் தீபாவளிக்கு என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விட்டாள்.